தெல்தெனிய பாரூக்

ஸெய்னுலாப்தீன் முதலாளி கராம்பைக் கடித்துப் பார்க்காமல் வாங்கிய நாள் கிடையாது. சாக்கின் வாயில் இருப்பது நல்ல சரக்கு, அடியில் கிடப்பது ஈரச் சரக்கு என்பது அவருடைய கொள்கை. கையை முழங்கை வரை சாக்குக்குள் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்வார். பிறகு கடிப்பார். பிறகுதான் விலை பேசுவார். கண்டி கொழும்பு வீதியில் அவருடைய கடைக்குச் சரக்குக் கொண்டுவருகிறவர்கள் அவர் பல்லுக்குப் பயந்தார்கள்.

வீட்டுக்குள் மட்டும் அவர் அப்படிக் கையை விட்டுப் பார்த்ததில்லை. மனைவி ஸக்கியா மேல் அவ்வளவு நம்பிக்கை என்று சொல்ல முடியாது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான். மகளை அக்குறணையில் கட்டிக் கொடுத்தாயிற்று. மாவில்மடை வீட்டில் இப்போது அவரும் அவளும்தான். அவள் சமைப்பாள், தொழுவாள், குசினியில் ரேடியோவைப் போட்டுவிட்டுத் தேங்காய் திருவுவாள். பேச்சு கொஞ்சம். முப்பது வருஷமாகத் திறந்து பார்த்துப் பழகிய அலுமாரி மாதிரி அவளை அவர் நினைத்திருந்தார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த அலுமாரிக்குள் ஏதோ அசைந்தது.

முன் அறையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். குசினியில் பழைய பாட்டு நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. தபாலட்டையில் யாராவது பாட்டுக் கேட்டு எழுதினால் பெயரை வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். அறிவிப்பாளப் பெண் தேன் வடியச் சொன்னாள்:

“அடுத்தது, தெல்தெனிய பழைய பஸார் வீதியிலிருந்து பாரூக். கண்டி மாவில்மடையில் இருக்கும் ஸக்கியாவுக்காக இந்தப் பாடலைக் கேட்டிருக்கிறார். ‘இந்தப் பாட்டையாவது முழுசாகக் கேள்’ என்றும் எழுதியிருக்கிறார். ஸக்கியா, கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?”

குசினியில் திருவுபலகை நின்றது. பாட்டு தொடங்கியது. ஆற்றங்கரையில் ஓடத்துக்குக் காத்திருக்கும் ஒருவன், அக்கரையில் நிற்கும் பெண்ணை நினைத்துப் பாடுகிற பழைய படப்பாட்டு. ரேடியோவின் சத்தம் ஒரு சுற்றுக் கூடியது. அதுதான் முதலாளியின் நெஞ்சில் குத்தியது. குறைந்திருந்தால் பயம் என்று நினைக்கலாம். கூடினால் என்ன அர்த்தம்?

பாட்டு முடிந்தது. திருவுகிற சத்தம் மறுபடியும் கேட்டது.

“ஸக்கியா!”

“என்ன?”

யார் அந்தப் பாரூக் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அடியில் இருப்பதை முகராமல் விலை கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

“தேத்தண்ணி ஒண்டு,” என்றார்.

தேத்தண்ணி கொண்டுவந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் சீனி கூட இருந்தது. அன்று முழுக்க அந்தச் சீனியைப் பற்றியே யோசித்தார்.

தெல்தெனிய அவள் பிறந்த ஊர். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே பஸாரில் சில்லறைக் கடை இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் கடையை விற்றுவிட்டு மாத்தளைக்குப் போய்விட்டார்கள். அதோடு தெல்தெனிய பேச்சும் முடிந்தது என்றுதான் முதலாளி நினைத்திருந்தார். ஊர்ப் பேச்சு முடிந்தால் ஊர் ஆளும் முடிந்தானா? பாட்டை முழுசாகக் கேள் என்கிறான். அப்படியென்றால் முன்னொரு காலத்தில் பாதியில் நின்ற பாட்டு ஒன்று இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பாரூக் வந்தான். அதே பாட்டு. அதற்கடுத்த கிழமையும் வந்தான். முதலாளியின் கண்ணுக்கு இப்போது எல்லாம் தெரியத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸக்கியா சமையலை நேரத்தோடு முடிக்கிறாள். அஸர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயைச் சுருட்டாமல் அப்படியே உட்கார்ந்து கேட்கிறாள். ஒருநாள் பாட்டின் நடுவில் அவள் வாய் அசைவதைக் கதவு இடுக்கால் பார்த்தார். சிரிப்பா, பாட்டா, துஆவா என்று பிரிக்க முடியவில்லை.

கடைக்கு வந்த முனாப் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். முனாப் பக்கத்துச் செருப்புக் கடைக்காரன். ஊர் வம்பெல்லாம் அவன் கடையில்தான் செருப்பு மாற்றிக்கொண்டு போகும்.

“நானா, ஒங்கட வீட்டுப் பேர் கொழும்பு வரைக்கும் பெய்த்தீக்கு போல.”

“என்ன பேர்?”

“ரேடியோவுல சென்னாங்க. மாவில்மடை ஸக்கியா.”

“மாவில்மடைல எத்தன ஸக்கியா!”

“எத்தன?” என்று முனாப் அப்பாவியாகக் கேட்டான். “எனக்குத் தெரிஞ்சி ஒராள்தான். நம்மட ராத்தா மட்டும்.”

முதலாளி கையிலிருந்த சாதிக்காயை ஆட்டிப் பார்த்தார். உள்ளே கொட்டை கடகடத்தது. நன்றாகக் காய்ந்த சரக்கு. ஆனாலும் அன்று அதை வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு லுஹர் தொழுத கையோடு, ஒருவருக்கும் தெரியாமல் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு படுத்துவிட்டார். கரண்ட் இல்லை. குசினி அமைதி. ஸக்கியா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முதலாளிக்கு நிம்மதியாகக் கண் சொருகியது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு பஸீஹா மதிலுக்கு மேலாலே தலையை நீட்டித் தெருவே கேட்கக் கத்தினாள்: “ராத்தா! ஓடி வாங்க! ஒங்கட பேர் சொல்றாங்க! அதே மனிசன்தான்!”

அவள் தன் வீட்டு ரேடியோவை மதில் மேல் தூக்கி வைத்துவிட்டாள். ஓடக்காரப் பாட்டு இப்போது இரண்டு வீட்டுக்கும், தெருவில் போகிற பேக்கரி வண்டிக்காரனுக்கும் சேர்த்துக் கேட்டது.

இனிப் பொறுக்க முடியாது.

“நாளக்கிக் கலகெதரைக்குப் போரேன். சரக்குப் பாக்க,” என்றார் இரவுச் சாப்பாட்டில்.

“சரி,” என்றாள் ஸக்கியா. ரொட்டியைப் பிய்த்தபடியே, “கலகெதரைல இப்ப கராம்பு ஈக்கா?” என்றாள்.

“ஏன், இல்லையா?”

“எனக்கென்ன தெரியும். நீங்கதானே கடிச்சிப் பாக்கிய ஆள்.”

அதில் ஏதாவது இருக்கிறதா என்று விடிய விடிய புரண்டார்.

காலையில் தெல்தெனிய பஸ்ஸில் ஏறினார். தென்னகும்புர பாலம் கடந்து, திகன தாண்டி பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. வழி முழுக்க பாரூக்குக்கு உருவம் கொடுத்துக்கொண்டே போனார். உயரமானவன். தலைக்குச் சாயம் பூசுகிறவன். பாட்டுக் கேட்டு எழுதுகிற ஆள் உழைக்கிற ஆளாக இருக்க மாட்டான். வெள்ளைக் காற்சட்டை போடுகிறவனாக இருப்பான். திகனையில் ஏறிய ஒரு வெள்ளைக் காற்சட்டைக்காரனை இறங்கும் வரை முறைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் பயந்து பின் ஆசனத்துக்குப் போய்விட்டான்.

தெல்தெனியவில் பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் செல்லப்பா வெற்றிலை மென்றுகொண்டே வடையைப் புரட்டிக்கொண்டிருந்தார். நேராகக் கேட்டால் ஊர் சிரிக்கும் என்று முதலாளி ஒரு சாக்குத் தயார் பண்ணி வைத்திருந்தார்.

“ஒரு கல்யாண விஷயமா விசாரிக்க வந்தீக்கிறன். பழைய பஸார் வீதி எந்தப் பக்கம்? அங்க பாரூக் என்டு ஒராள்.”

செல்லப்பா வடைக் கரண்டியை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“மொதலாளிக்கு நீச்சல் தெரியுமா?”

“ஏன்?”

“பழைய பஸார் வீதி அங்க கெடக்கு.” வெற்றிலைச் சாறு தெறிக்காமல் நாடியைத் தூக்கிக் கீழே பளபளத்துக் கிடந்த விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் காட்டினார். “அணை கட்டினப்பவே முங்கிப் போச்சுங்க. அந்தத் தெருவுல இப்ப மீன்தான் குடித்தனம் நடத்துது. இது புது டவுன்.”

முதலாளிக்கு முகம் சுருங்கியது. தெல்தெனிய தண்ணீருக்குள் போனது அவருக்குத் தெரியாத விஷயமா? தெரியும். பேப்பரில் வாசித்த செய்தி தெரிகிற மாதிரித் தெரியும். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஸக்கியா பிறந்த வீடு கிடக்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த நொடியே சந்தேகம் தலை தூக்கியது. இல்லாத தெருவிலிருந்து எழுதுகிறவன் எவ்வளவு பெரிய கள்ளனாக இருக்க வேண்டும்!

“அப்ப பாரூக்?”

“அப்பிடி ஒராள நான் பாத்ததில்ல. அந்தத் தெரு ஆளுங்களப் பத்தின்னா றம்ஸியாம்மாகிட்ட கேளுங்க. பள்ளிவாசலுக்கு மேல, பச்ச கேட்டு வீடு. முங்கிப் போன தெருவுல எந்த வீட்டுல எந்தக் கோழி முட்டை போட்டுச்சின்னு கேட்டாலும் சொல்லுவாங்க.”

றம்ஸியா. எங்கேயோ கேட்ட பெயர். ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறும்போதும் எங்கே என்று பிடிபடவில்லை.

பச்சைக் கேட்டைத் திறந்தது ஒரு பெருத்த மனுஷி. தலையில் முக்காடு, கையில் அகப்பை. முதலாளி ஸலாம் சொல்லி, கல்யாண விசாரணையைத் தொடங்கினார். அவள் முழுசாகக் கேட்டாள். பாரூக் என்ற பெயர் வந்ததும் அவளுடைய கன்னம் இரண்டும் உப்பின.

“மாப்பிள்ளைக்கு என்ன வயசு பாக்கியீங்க?”

“அது… கொஞ்சம் முதிர்ந்த ஆள்தான்.”

“பொண்ணு யாரு? ஒங்கட பொஞ்சாதியா?”

அவள் அகப்பையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“வாங்க, ஸெய்னுலாப்தீன் நானா. ஒங்கள எனக்கு நல்லாத் தெரியும். நீங்கதான் என்ன மறந்துட்டீங்க. இரிங்க. பாரூக் என்ன செய்வான், பாவம், அவன் பொறந்ததே எங்கட கிணத்தடியில.”

கதிரை நுனியில் உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, குழம்பைக் கிண்டுகிற மாதிரி அகப்பையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

பழைய பஸார் வீதியில் றம்ஸியா வீட்டுக் கிணற்றடிக்கும் அந்த ஊர்ப் படக் கொட்டகைக்கும் ஒரே மதில். குமர்ப் பிள்ளைகள் படம் பார்ப்பதைப் பற்றி நினைக்கவும் முடியாத காலம். ஆனால் மதிலுக்குக் காது உண்டு. பின்னேரக் காட்சி தொடங்கினால் றம்ஸியாவும் ஸக்கியாவும் உடுப்புத் துவைக்க வந்துவிடுவார்கள். துவைத்த உடுப்பையே திரும்பத் திரும்பத் துவைப்பார்கள். வசனம், அழுகை, சண்டை, பாட்டு எல்லாம் மதிலால் வரும். முகம் மட்டும் வராது. கதாநாயகன் எப்படி இருப்பான் என்று இருவருக்கும் தெரியாது. அதனால் தாங்களே ஒருவனைச் செய்துகொண்டார்கள். எந்தப் படத்தில் யார் பாடினாலும் அவன்தான் பாடினான்.

“அவனுக்குப் பாரூக் என்டு பேர் வெச்சது ஸக்கியாதான். பொறகு ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டு எழுதினோம். எங்கட பேரப் போட்டா வாப்பாமார் தோல உரிச்சிடுவாங்களே. பாரூக் பேரத்தான் போடுவோம். பாரூக்ட பேர ரேடியோவுல வாசிச்சா, எங்கட பேர வாசிச்ச மாதிரிக் கையப் பிடிச்சிக்கிட்டுக் குதிப்போம்.”

“அப்ப இப்ப எழுதுற…”

“நான்தான். வேற யாரு? எனக்கும் அவளுக்கும் தவிர அவன யாருக்குத் தெரியும்?”

முதலாளிக்குப் பெரிய மூச்சு ஒன்று இறங்கியது. இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது. “சினேகிதியா இருந்தா வீட்டுக்கு வாரது. ஏன் இந்தக் கள்ளப் பேர்? ஒரு குடும்பப் பொம்பளைட பேர ஊர் கேக்க ரேடியோவுல…”

“நானா,” என்றாள் றம்ஸியா. குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் அவரைப் பயமுறுத்தியது. “அவட பேர ஊருக்குக் காட்டினது மொதல்ல நீங்க.”

“நான் காட்டினேனா?”

“மறந்துட்டீங்க என்டு சென்னேனே. கல்யாணத்துக்கு அடுத்த வருஷம். நான் கண்டிக்கு வந்தேன். நாங்க மதிலால கேட்ட படம் ஒண்டு அங்க திரும்ப ஓடிச்சி. ஒரு தடவ முகத்தையும் பாப்போம் என்டு பகல் காட்சிக்கு அவளக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒங்கட உம்மாட்ட சென்னிட்டுத்தான் போனோம். ஆத்தங்கரைப் பாட்டு வாரத்துக்குக் கொஞ்சம் முந்தி, படத்துக்கு மேலயே எழுத்து விழுந்திச்சி.”

முதலாளிக்கு இப்போது ஞாபகம் வந்தது. சேற்றில் புதைந்த சாக்கு மேலே வருகிற மாதிரி மெதுவாக வந்தது.

அந்தக் காலத்தில் தியேட்டருக்குள் இருக்கிற ஆளுக்கு அவசரச் செய்தி என்றால் ஒரு வழி இருந்தது. மை பூசிய கண்ணாடித் துண்டில், அதாவது ஸ்லைடில், பெயரைக் கீறிக் கொடுத்தால், ஓடுகிற படத்தின் மேலேயே அதை விழ வைப்பார்கள். பெரும்பாலும் சாவுச் செய்தியாக இருக்கும், அல்லது பிள்ளைப்பேறாக இருக்கும். கடையிலிருந்து வீட்டுக்கு வந்து விஷயம் கேள்விப்பட்ட இளம் ஸெய்னுலாப்தீன், நேரே தியேட்டருக்குப் போய், மெஷின் அறைக்காரனைப் பிடித்து எழுதுவித்தார்: ‘மாவில்மடை ஸக்கியா உடனே வெளியே வரவும்.’

“கெலரியில கெடந்த பொடியன்மார் எல்லாம் ‘ஸக்கியா, ஸக்கியா’ என்டு விசிலடிச்சாங்க. அவள் வாப்பா மௌத்தாகிட்டார் என்டு நெனச்சி, செருப்பையும் விட்டுட்டு ஓடினாள். வெளிய நீங்க நிண்டீங்க. மௌத்தும் இல்ல, ஒண்டும் இல்ல. ‘இனி இந்தப் பொம்பள என்ட வாசல்ல கால் வைக்கப்படாது’ என்டு எனக்குச் சென்னீங்க. நான் வெக்கல்ல. பாரூக்குக்கு நீங்க ஒண்டும் சொல்லல்லையே. அவன் வரலாம்.”

அகப்பையை வைத்துவிட்டு ஒரு தட்டில் வட்டிலப்பம் வெட்டிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைக் கடித்துப் பார்க்காமல் அப்படியே விழுங்கினார்.

போகும்போது வாசலில் நின்று கேட்டார்: “அந்தப் பாரூக்… என்ன மாதிரி ஆள்?”

“என்ட பாரூக் உயரம், கறுப்பு, கொஞ்சம் முன்கோபம். அவட பாரூக் எப்பிடி என்டு எனக்கே சொல்ல மாட்டாள். அழுத்தக்காரி.”

திரும்பும் பஸ்ஸில் முதலாளி வெளியே பார்க்கவில்லை. கள்ளன் அகப்பட்டான். கள்ளனும் இல்லை. ஆனாலும் மனம் லேசாகவில்லை. உண்மையில் இருக்கிற ஒருவனாக இருந்தால் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். கிழவனாகிவிட்டான், பல் போய்விட்டது என்று சிரிக்கலாம். இவனுக்கு நரைக்கவும் நரைக்காது.

வீட்டுக்கு வந்தபோது ஸக்கியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கராம்பு எப்பிடி?” என்றாள்.

பொய் சொல்லலாம். ஈரம் என்று சொல்லிவிட்டுப் படுக்கலாம். வாயைத் திறந்தார்.

“தெல்தெனியக்குப் போனேன்.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“றம்ஸியாவக் கண்டேன். எல்லாம் சென்னாங்க. அந்த ஸ்லைட்… நான் மறந்தே போயிட்டேன், ஸக்கியா.”

“நான் மறக்கல்ல,” என்றாள்.

“இவ்வளவு நாளும் ஒரு வார்த்த சென்னீக்கலாமே. பாரூக் என்டு சும்மா ஒரு வெளையாட்டு என்டு.”

“நீங்க கேட்டீங்களா? கதவு இடுக்கால பாத்தீங்க. ஃபியூஸக் கழட்டினீங்க. யாரு என்டு ஒரு தரம் கேட்டீங்களா? எத்தன கெழம தாங்குறீங்க என்டு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” கீரைத் தண்டை முறித்தாள். பிறகு சட்டென்று தலையை நிமிர்த்தினாள். “தெல்தெனியக்கா போனீங்க?”

“ஓ.”

“எந்தப் பஸ்ல?”

“காலைப் பஸ்ல.”

“ஒரு காலைலயே பெய்த்து வரலாமா அங்க?” அவள் கண் கலங்கியதை அவர் இப்போதுதான் பார்த்தார். “அணைய மூட முந்தி, ஊர் முங்கப் போகுது, ஒரு தரம் கூட்டிக்கிட்டுப் போங்க, கிணத்தடிய ஒரு தரம் பாக்கணும் என்டு எத்தன தரம் கேட்டேன்? கட, சரக்கு, பஸ் இல்ல, பாத சரியில்ல என்டீங்க. இப்ப பாரூக்கப் பிடிக்க என்டதும் பஸ் வந்திட்டுது, பாதயும் வந்திட்டுது!”

சந்தேகப்பட்டதற்குத் திட்டுவாள் என்று தயாராக வந்தவர் முதலாளி. இதற்குத் தயாராக வரவில்லை.

“ஞாயிற்றுக்கெழம கூட்டிக்கிட்டுப் போரேன்,” என்றார் தாழ்ந்த குரலில்.

“தேவல்ல. நாளக்கே போரேன். தனியத்தான்.”

“தனியவா? தொணைக்கு…”

“தொணைக்குப் பாரூக் ஈக்கான்,” என்றாள் ஸக்கியா. சிரிக்காமல் சொன்னாள்.

சொன்னபடியே மறுநாள் புறப்பட்டாள். மகளின் கல்யாணத்துக்கு உடுத்த நீலச் சாரியை உடுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டு, ஒரு பையில் தொதல் இனிப்புப் பொட்டலம் எடுத்துக்கொண்டாள். முதலாளி கடைக்குப் போகவில்லை. பஸ் நிலையம் வரை பின்னாலேயே வந்தார். கூட வராதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நடக்கவும் விடவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதன் மேல் பையை வைத்துக்கொண்டாள். முதலாளி கீழே நின்றபடி ஜன்னல் கம்பியைப் பிடித்தார். டிரைவர் ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.

“ஸக்கியா.”

“என்ன?”

ஒரு கேள்வியை நேராகக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. கேட்டார்.

“ஒன்ட பாரூக்… எப்பிடி ஈப்பான்?”

அவள் அவரை ஒரு முறை முழுசாகப் பார்த்தாள். நெற்றியிலிருந்து நாடி வரை நிதானமாகப் பார்த்தாள். எதையோ ஒப்பிட்டுப் பார்க்கிறாளா, அல்லது வெறுமனே பார்க்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“வந்து சொல்றேன்,” என்றாள்.

பஸ் புறப்பட்டது. வந்ததும் சொல்வாளா, சொன்னாலும் அது உண்மையாக இருக்குமா என்று நினைத்தபடி முதலாளி அங்கேயே நின்றார். பின்னால் வந்த அடுத்த பஸ்காரன் ஹோர்ன் அடித்து, “ஹாஜியார், ஓரமா நில்லுங்க!” என்று கத்திய பிறகுதான் நகர்ந்தார்.